எப்படித் தப்புவான்?

சென்ற கோடை விடுமுறையில் என் அக்காள் மகன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். ஒன்பதாம் வகுப்பு முடித்தவன். பொழுது போகட்டுமே என்று ஒரு விஞ்ஞான சாகச நாவலை அவன் கையில் கொடுத்தேன். அட்டையில் விண்கலம், உள்ளே ஏகப்பட்ட கிரகங்கள், அவற்றைவிட அதிகமான யுத்தங்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் புத்தகம் ஜன்னலோரம் கவிழ்ந்து கிடக்கிறது. நாற்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை.

"ஏண்டா, பிடிக்கலையா?" என்று கேட்டேன்.

"எப்படியும் அவன் தப்பிச்சிடுவான் மாமா. ஒவ்வொரு தடவையும் பையிலேருந்து எதையாவது எடுத்து அமுக்கறான். உடனே எல்லாம் சரியாயிடுது" என்றான்.

விமர்சகர்கள் பத்துப் பக்கம் எழுதிச் சொல்வதை இந்தப் பையன் இரண்டே வரியில் சொல்லிவிட்டான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவன் சொன்னதில் முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கதாநாயகன் தப்பிவிடுவான் என்பது எல்லாச் சாகச நாவல்களுக்கும் பொதுவான ரகசியம். முந்நூறு பக்கப் புத்தகத்தில் அறுபதாம் பக்கத்திலேயே அவன் இறந்துபோனால் மீதி இருநூற்று நாற்பது பக்கங்களை ஆசிரியர் எதைக் கொண்டு நிரப்புவார்? புத்தகத்தை வாங்கும்போதே நமக்கு இது தெரியும். தெரிந்திருந்தும் சில நாவல்களைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிறோம். ஆகவே குற்றம் முதல் பாதியில் இல்லை. அந்தப் பையில்தான் இருக்கிறது!

'இவன் தப்புவானா?' என்ற கேள்விக்கு விடை தெரிந்துவிட்டது. 'எப்படித் தப்புவான்?' என்ற கேள்விதான் நம்மைத் தூங்கவிடாமல் செய்வது. அந்தக் கேள்வியை நாம் கேட்க வேண்டுமானால், அவன் கையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை ஆசிரியர் நமக்கு முன்கூட்டியே காட்டியாக வேண்டும். காட்டிய பிறகு அவர் பேச்சு மாறக்கூடாது. விஞ்ஞான நாவலின் சுவாரசியம் முழுவதும் இந்த நாணயத்தில் அடங்கியிருக்கிறது என்பது என் கட்சி. விண்கலமும் கதிர்த் துப்பாக்கியும் பிறகு வந்தால் போதும்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1874-75-இல் வெளியிட்ட 'மர்மத் தீவு' என்ற நாவலை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடக்கிறது. 1865 மார்ச் மாதம், ரிச்மண்ட் நகரில் அகப்பட்டுக்கொண்ட ஐந்து பேர், ஒரு நாயுடன், பலூனில் ஏறித் தப்புகிறார்கள். புயல் அவர்களைப் பசிபிக் மாகடலுக்கு அடித்துக்கொண்டு போகிறது. பலூனில் வாயு கசிந்து அது இறங்க ஆரம்பிக்கிறது. எடையைக் குறைப்பதற்காகக் கையிலிருப்பதை எல்லாம் தூக்கி எறிகிறார்கள். ஆயுதம் போயிற்று, உணவு போயிற்று. கடைசியில் தாங்கள் நின்றுகொண்டிருந்த கூடையையே அறுத்துவிட்டு, வலைக் கயிற்றில் தொங்கிக்கொண்டு, ஆளில்லாத ஒரு தீவில் போய் விழுகிறார்கள். ராபின்சன் குரூசோவுக்காவது கரையோரத்தில் ஓர் உடைந்த கப்பல் இருந்தது. வேண்டியதை எல்லாம் அவன் அதிலிருந்து எடுத்துக்கொண்டான். இவர்களுக்கு அதுவும் கிடையாது. இரண்டு சட்டைப்பைக் கடிகாரங்கள், ஒரு குறிப்பேடு, நாயின் கழுத்தில் ஓர் எஃகுப் பட்டை, ஒருவரின் உட்சட்டைத் துணிக்குள் சிக்கிக் கிடந்த ஒரே ஒரு தீக்குச்சி. ஏறக்குறைய இவ்வளவுதான் அவர்களுடைய ஆஸ்தி.

இந்தப் பட்டியலை வெர்ன் நம் முன்னால் பரப்பிவிட்டார். இனி அவரும் ஏமாற்ற முடியாது. நாமும் சும்மா இருக்க முடியாது. அந்த ஒரு குச்சியைக் கிழிக்கும் இடத்தைப் படிக்கும்போது நாமே மூச்சை அடக்கிக்கொள்கிறோம். ஒரு யுத்தம் முழுவதும் தராத பதைப்பை ஒரு தீக்குச்சி தருகிறது. ஏன்? இன்னொரு குச்சி இல்லை என்பது நமக்குத் தெரியும். கிழித்த நெருப்பும் பிறகு கடல் பொங்கி அணைந்துபோகிறது. அப்போது அந்தக் கூட்டத்திலிருந்த பொறியியலாளர் சைரஸ் ஸ்மித் இரண்டு கடிகாரங்களின் கண்ணாடிகளையும் கழற்றி, நடுவே தண்ணீர் நிரப்பி, விளிம்பைக் களிமண்ணால் அடைத்து, ஒரு குவிலென்ஸ் செய்துவிடுகிறார். வெயிலைக் குவித்துக் காய்ந்த பாசியில் நெருப்பு மூட்டுகிறார். கடிகாரம் பட்டியலில் இருந்தது. குவிலென்ஸ் நம் பௌதிகப் பாடத்தில் இருந்தது. இரண்டையும் சேர்க்க நமக்குத் தோன்றவில்லையே என்ற வெட்கம் வருகிறது பாருங்கள், அதுதான் நல்ல விஞ்ஞான நாவல் படிப்பதில் உள்ள ருசி.

கூட்டத்தில் ஹெர்பர்ட் என்று ஒரு பையன் இருக்கிறான். வயது 15, உங்கள் வயதுதான். செங்குத்தான பாறை ஒன்றின் உயரத்தை அளக்க ஸ்மித் அவனை அழைத்துப் போகிறார். அளவுகோல் கிடையாது. தம்முடைய உயரம் அவருக்குத் துல்லியமாகத் தெரியும். அதைக் கொண்டு 12 அடிக் கம்பு ஒன்றை அளந்து வைத்திருக்கிறார். கம்பை மணலில் 2 அடி ஆழம் நட்டால் மேலே நிற்பது 10 அடி. பின்னால் நகர்ந்து தரையில் படுத்து, கம்பின் நுனியும் பாறையின் உச்சியும் ஒரே கோட்டில் தெரியும் இடத்தில் ஒரு முளை அடிக்கிறார். முளையிலிருந்து கம்புக்கு 15 அடி. பாறையின் அடிவாரத்துக்கு 500 அடி. பிறகென்ன? 15-க்கு 10 என்றால் 500-க்கு எவ்வளவு? 333 அடி சொச்சம். தென்னை மரத்தின் நிழலை அளந்து உயரம் கண்டுபிடிக்கும் அதே வடிவொத்த முக்கோணக் கணக்கு. வகுப்பில் அதைக் கண்டு கொட்டாவி விட்டவர்கள்கூட இந்த இடத்தில் பென்சிலைத் தேடுவார்கள். தாங்கள் உலகத்தில் எந்த மூலையில் விழுந்திருக்கிறோம் என்று தெரியாத ஐந்து பேருக்கு, அதைக் கண்டுபிடிக்கும் வேலையில் அந்த விடை ஒரு படி.

அடுத்த படியையும் பாருங்கள். கூட்டத்திலிருந்த பத்திரிகை நிருபரின் கடிகாரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. தீவில் உச்சிவேளையாக இருக்கும்போது அது அமெரிக்காவின் வாஷிங்டன் நேரப்படி மாலை 5 மணியைக் காட்டுகிறது. ஒரு மணிக்கு 15 பாகை வீதம் 5 மணிக்கு 75 பாகை. வாஷிங்டன் மேற்கு தீர்க்கரேகை 77-இல் இருக்கிறது. கூட்டினால் 152. ஆக, தீவு நடுப் பசிபிக்கில்! (நம் நாட்டு நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியிருப்பதும் 82½ பாகையை 15-ஆல் வகுத்த கணக்குத்தான்.) அருகில் எந்த நாடும் இல்லை என்ற பயங்கரச் செய்தியை ஒரு கூட்டல் கணக்கு சொல்கிறது. பேய் வந்து சொல்லியிருந்தால்கூட நமக்கு அவ்வளவு சில்லிட்டிருக்காது.

ஒரு மழை நாளில் ஹெர்பர்ட்டின் சட்டை மடிப்பில் ஒரே ஒரு கோதுமை மணி அகப்படுகிறது. மாலுமி பென்கிராஃப்ட் அதைப் பொருட்படுத்தவில்லை. பொறியியலாளர் கணக்குப் போடுகிறார். ஒரு மணியிலிருந்து 10 கதிர். கதிருக்கு 80 மணி. முதல் அறுவடை 800. இரண்டாவது 6,40,000. மூன்றாவது 51 கோடிக்கு மேல். நான்காவது 40,000 கோடிக்கு மேல்! எலி தின்னாமல், பூச்சி அரிக்காமல் இருந்தால் அல்லவா என்று நம் ஊர் விவசாயி கேட்பார். கேட்கட்டும். அந்த ஒற்றை மணியை மண்ணில் ஊன்றிய பிறகு பறவை ஒன்று அந்தப் பக்கம் பறந்தாலே நமக்குப் பகீர் என்கிறதே, அதைச் சொல்ல வந்தேன்.

பட்டியலைத் திறந்து வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. வேட்டையாடிய காட்டுப்பன்றிக் குட்டியைச் சமைத்துச் சாப்பிடும்போது பென்கிராஃப்ட்டின் பல்லில் ஏதோ கடிபடுகிறது. எடுத்துப் பார்த்தால் ஈயக்குண்டு. இவர்களிடம் துப்பாக்கியே கிடையாது! பட்டியலில் இல்லாத ஒரு பொருள், பட்டாணி அளவுகூட இல்லாதது, நம் முதுகுத்தண்டைச் சிலிர்க்க வைக்கிறது. எல்லாமே நடக்கக்கூடிய கதையில் ஈயக்குண்டு ஓர் ஆச்சரியமா?

இதற்குப் பிறகு வெர்ன் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கரையில் ஒரு பெட்டி ஒதுங்குகிறது. உள்ளே துப்பாக்கி, கருவிகள், துணிமணி, புத்தகங்கள், இன்னும் என்னவெல்லாமோ. முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. நாய்ப் பட்டையை உடைத்துக் கத்தி செய்தவர்களுக்கு இதுவரை பட்ட பாடெல்லாம் வீணா? தீவில் மறைந்து வாழும் கேப்டன் நெமோதான் அதை அனுப்பியவர் என்று நாவலின் கடைசியில் தெரிகிறது. அவர் உண்மையில் புந்தேல்கண்டைச் சேர்ந்த இளவரசர் டக்கார் என்றும், 1857 எழுச்சியில் கலந்துகொண்டவர் என்றும் வெர்ன் சொல்லும்போது நமக்குச் சற்றுப் பெருமையாகவும் இருக்கிறது. இருந்தாலும், பெட்டி வந்த பிறகு கதை கொஞ்சம் தொய்ந்துவிட்டது என்ற என் எண்ணம் மாறவில்லை.

அதே நெமோவின் நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றிய முந்தைய நாவல் 'கடலடியில் இருபதாயிரம் லீக்'. (இருபதாயிரம் லீக் ஆழம் என்று நினைக்காதீர்கள், ஒரு லீக் 4 கிலோமீட்டர், 80,000 கிலோமீட்டர் ஆழத்துக்குப் போனால் பூமியையே துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்திருப்பார்கள். அது பயணம் செய்த தூரம்.) அந்தக் கப்பலில் மின்சாரத்துக்குப் பஞ்சமே இல்லை. நினைத்தால் எதையும் செய்யலாம். அப்படிப்பட்ட கப்பலை வைத்துக்கொண்டு வாசகனை எப்படிப் பதற வைப்பது? வெர்ன் அதைத் தென் துருவப் பனிக்கட்டிக்குள் சிறை வைக்கிறார். நாலா பக்கமும் பனிச்சுவர். கீழே உடைக்க வேண்டிய பனி 10 மீட்டர். உள்ளே மூச்சுக் காற்று இரண்டு நாளுக்குத்தான்.

இங்கே உங்களில் ஒருவர் கை தூக்குவீர்கள். "மின்சாரம் இருக்கிறதே சார், தண்ணீரை மின்னாற்பகுத்தால் ஆக்ஸிஜன் வந்துவிடுமே?" சரியான கேள்வி. இன்றைய அணுசக்தி நீர்மூழ்கிகள் அப்படித்தான் செய்கின்றன. வெர்னுக்கும் இது தெரியும். கதை சொல்லும் பேராசிரியர் அரோனாக்ஸே அதை யோசித்துவிட்டுக் கைவிடுகிறார். ஆக்ஸிஜன் கிடைக்கும், ஆனால் நாம் வெளிவிடும் கரியமில வாயு கப்பல் முழுவதும் நிரம்பிவிட்டதே, அதை உறிஞ்சக் காஸ்டிக் பொட்டாஷ் வேண்டும், அது கப்பலில் இல்லை என்கிறார். ஆசிரியர் நமக்கு முன்னால் ஓடிப்போய் அந்தக் கதவையும் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிறார். இனிமேல் பதறத்தானே வேண்டும்?

இது வெறும் கதையல்ல. 1970 ஏப்ரலில் சந்திரனை நோக்கிச் சென்ற அப்போலோ 13 கலத்தில் ஆக்ஸிஜன் தொட்டி வெடித்ததும், மூன்று வீரர்கள் இரண்டு பேருக்காக அமைத்த சந்திர ஊர்திக்குள் ஒண்டிக்கொண்டார்கள். அங்கே ஆக்ஸிஜன் போதுமான அளவு இருந்தது. கரியமில வாயுதான் ஏறிக்கொண்டே போயிற்று. அதை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்ஸைடு டப்பாக்கள் தாய்க்கலத்தில் நிறைய இருந்தன. ஆனால் அவை சதுரம். ஊர்தியின் துவாரமோ வட்டம். பூமியிலிருந்த பொறியியலாளர்கள் கலத்தில் உள்ள சாமான்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்துச் சொன்னார்கள்: பிளாஸ்டிக் பை, குறிப்பேட்டின் அட்டை, ஒட்டும் நாடா, ஒரு காலுறை. மூவரும் உயிரோடு திரும்பினார்கள். நூறு வருஷத்துக்கு முந்திய நாவலும் இந்த நிஜமும் ஒரே இடத்தில் கை வைப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இயற்கையும் பையிலிருந்து புதிதாக எதையும் எடுத்துத் தருவதில்லை.

அப்படியானால் நாவலில் விஞ்ஞானம் ஒரு பிழையும் இல்லாமல் இருக்க வேண்டுமா? அதுதான் இல்லை! இங்கே என் ஆசிரிய நண்பர்கள் சிலரோடு எனக்குச் சண்டை உண்டு. 'மர்மத் தீவி'லேயே கங்காருவும் ஜாகுவாரும் உராங்குட்டானும் ஒரே தீவில் வாழ்கின்றன. மிருகக்காட்சிசாலையில்தான் அப்படிப் பார்க்க முடியும். வெர்ன் 1865-இல் எழுதிய சந்திரப் பயணக் கதையில் பிழை இன்னும் பெரிது. 900 அடி நீள பீரங்கிக்குள் மூன்று பேரை ஒரு குண்டில் அடைத்து, வினாடிக்கு 12,000 கஜம் வேகத்தில் சுடுகிறார். அது ஏறக்குறைய 11 கிலோமீட்டர். பூமியை விட்டு விடுபடத் தேவையான 11.2 கிலோமீட்டருக்கு மிக நெருக்கம். இது வரைக்கும் பேஷ். ஆனால் 274 மீட்டர் குழாய்க்குள் அந்த வேகத்தை எட்ட வேண்டும் என்றால் முடுக்கம் என்ன? நீங்கள் படித்த சமன்பாடுதான்: வேகத்தின் வர்க்கத்தை நீளத்தின் இரட்டிப்பால் வகுங்கள். புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 22,000 மடங்குக்கு மேல் வரும். 50 கிலோ எடையுள்ள பையன் அந்த நொடியில் ஆயிரம் டன்னுக்கு மேல் கனப்பான். வெர்ன் வைத்த தண்ணீர் மெத்தை அவனைக் காப்பாற்றாது.

ட்ரான்சில்வேனியாவில் வளர்ந்த ஹெர்மன் ஓபர்த் என்ற பையன் ஏறக்குறைய பதினொரு வயதில் இந்தக் கதையை மனப்பாடம் ஆகும் அளவுக்குப் படித்தான். பீரங்கிக் குண்டில் போகிறவர்கள் நசுங்கிப்போவார்கள் என்று கணக்குப் போட்டுக் கண்டுகொண்டான். பீரங்கி உதவாது என்றால் வேறு எது உதவும்? அந்த யோசனை அவனை ராக்கெட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1923-இல் அவர் வெளியிட்ட புத்தகம் விண்வெளிப் பயண விஞ்ஞானத்தின் மூலநூல்களில் ஒன்று. வெர்ன் பீரங்கியின் நீளத்தையும் குண்டின் வேகத்தையும் எழுதாமல், 'ஓர் அபூர்வ சக்தியால் சந்திரனுக்குப் போனார்கள்' என்று முடித்திருந்தால் அந்தப் பையன் எதைக் கணக்குப் போட்டிருப்பான்? எண்ணைத் துணிந்து சொல்லித் தப்பு செய்தவர், எண்ணே சொல்லாமல் தப்பித்தவரைவிட எனக்கு ஆயிரம் மடங்கு உசத்தி.

எச்.ஜி. வெல்ஸ் கதை வேறு. 1901-இல் அவர் எழுதிய நாவலில் புவியீர்ப்பை மறைக்கும் ஒரு கற்பனைப் பொருளைப் பூசிய கோளத்தில் ஏறிச் சந்திரனுக்குப் போகிறார்கள். வெர்னுக்கு இதில் எரிச்சல். நான் வெடிமருந்தால் போகிறேன், இவர் இல்லாத பொருளைச் சிருஷ்டிக்கிறார், எங்கே அந்தப் பொருளைக் காட்டட்டும் என்று 1903-இல் ஒரு பேட்டியில் கேட்டே விட்டார். இந்த வழக்கில் நான் வெல்ஸ் பக்கம். அவர் பொய் சொல்கிறார், ஆனால் ஒரே ஒரு பொய். அதற்குப் பிறகு அரிச்சந்திரன். கோளத்தில் திரைகள் உண்டு. எந்தத் திரையைத் திறக்கிறோமோ அந்தப் பக்கத்துக் கோளம் இழுக்கும். அந்த விதியை அவர் மீறுவதில்லை. எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்றால் எதிலும் சுவை இராது என்ற கருத்தை 1933-இல் தம் கதைத் தொகுப்பின் முன்னுரையில் அவரே சொல்லியிருக்கிறார்.

அவருடைய கண்ணுக்குத் தெரியாத மனிதனை (1897) நினைத்துப் பாருங்கள். யார் கண்ணிலும் படாமல் திரியும் வரம் கிடைத்தால் என்ன செய்வாய் என்று வகுப்பில் கேட்டால், டிக்கெட் இல்லாமல் சினிமா பார்ப்பேன், பரீட்சைக் கேள்வித்தாளைப் பார்ப்பேன் என்பீர்கள். வெல்ஸ் கேட்கும் கேள்வி வேறு: உடுத்துவது என்ன? உடம்புதானே மறைந்தது, சட்டை மறையவில்லையே! ஆகவே அவன் லண்டன் குளிரில் நிர்வாணமாக நடக்க வேண்டும். சேற்றில் கால் வைத்தால் சுவடு தெரியும். சாப்பிட்டது ஜீரணமாகும் வரை வயிற்றில் தெரியும். நாய்க்கு வாசனை போதும். வரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாபமாகிறது. அதற்கு அடிப்படையான பௌதிகத்தையும் வெல்ஸ் ஒளித்து வைக்கவில்லை. பஜ்ஜி மடித்துக் கொடுத்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் ஒளி புகும்படி ஆகிவிடுகிறதே, அதே தத்துவம்தான். காகித நாரின் ஒளிவிலகல் எண்ணும் எண்ணெயின் எண்ணும் நெருங்கியிருப்பதால் ஒளி சிதறாமல் போய்விடுகிறது. உண்மையில் அப்படி ஒருவன் இருந்தால் அவன் குருடனாகத்தான் இருப்பான், விழித்திரை ஒளியை உறிஞ்சினால்தானே பார்வை என்று ரஷ்ய எழுத்தாளர் பெரெல்மான் எழுதினார். வெல்ஸ் அதையும் ஓரளவு யோசித்திருந்தார்: விழித்திரைக்குப் பின்னால் மங்கலாக ஒரு நிறம் மட்டும் மறையாமல் தங்கியிருந்ததாக அவருடைய கதாநாயகன் சொல்கிறான்.

கணக்கும் விதியும் இருந்தால் போதுமா, மனிதர்கள் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். பனிச்சிறையில் அரோனாக்ஸ் மூச்சுத் திணறிக் கிடக்கும்போது, வேலைக்காரன் கோன்சேலும் திமிங்கல வேட்டைக்காரன் நெட் லாண்டும் மூச்சுக்கருவியின் அடியில் மீந்திருந்த கொஞ்சம் காற்றை, தாங்கள் சுவாசிக்காமல், அவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். படிக்கும் நமக்குக் கண் நிறைகிறது. காற்று எவ்வளவு மிச்சம் என்பது நமக்குத் தெரியாமல் இருந்தால் அந்தத் தியாகத்தின் எடையும் நமக்குத் தெரிந்திருக்காது.

இந்த வழி இன்னும் வற்றிவிடவில்லை. அமெரிக்கரான ஆண்டி வியர் 2011-இல் வெளியிட்ட நாவலில், செவ்வாயில் தனியே விடப்பட்ட ஒருவன் உருளைக்கிழங்கு பயிரிடுகிறான். கோதுமை மணிக்குத் தம்பி! தண்ணீருக்காக ராக்கெட் எரிபொருளிலிருந்து ஹைட்ரஜன் பிரித்து எரிக்கிறான். தான் வெளிவிடும் மூச்சில் உள்ள ஆக்ஸிஜனைக் கணக்கில் சேர்க்க மறந்து, வெடித்துத் தூக்கி எறியப்படுகிறான். அந்த நாவலின் ஆரம்பப் புயல் மட்டும் பொய். செவ்வாயில் காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு; அந்தக் காற்றால் ஆளைத் தூக்கி அடிக்க முடியாது. ஆசிரியரே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரே ஒரு பொய், பிறகு அரிச்சந்திரன்.

நம் பள்ளி மாணவர்கள் எழுதும் விஞ்ஞானக் கதைகள் சில அவ்வப்போது என் கைக்கு வருகின்றன. 2500-ஆம் ஆண்டு, ரோபோ, வேற்றுக்கிரகவாசி எல்லாம் தவறாமல் இருக்கும். கதாநாயகனிடம் என்ன இல்லை என்பது மட்டும் இருக்காது. அதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டுத் தொடங்கினால் பாதிக் கதை தானாக நடந்துவிடும்.

அக்காள் மகனுக்கு 'மர்மத் தீவை'க் கொடுத்து அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து டெலிபோனில் கூப்பிட்டான். எங்கள் காலத்தில் ஃபியூஸான பல்பில் தண்ணீர் நிரப்பி, பிலிம் துண்டைச் சுவரில் பெரிதாக்கிப் பார்ப்போம் என்று நான் சொன்னது அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. இப்போது வீட்டில் எல்லாம் எல்.இ.டி. விளக்கு, எங்கேயோ அலைந்து பழைய குண்டு பல்பு ஒன்று சம்பாதித்து, அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மொட்டை மாடி வெயிலில் தேங்காய் நார் மேல் பிடித்தானாம். புகை வந்ததாம்.

"ஆனா ஒரு சந்தேகம் மாமா. கடிகாரக் கண்ணாடி ரெண்டையும் களிமண் வச்சு ஒட்டினார்னு போட்டிருக்கே, உள்ளே தண்ணி இருந்தா களிமண் கரைஞ்சு ஒழுகிடாதா?"

இத்தனை வருஷமாகப் படித்தும் எனக்கு இது தோன்றவில்லை. அவன் களிமண் பிசைந்துகொண்டிருக்கிறானாம்; கடிகாரக் கண்ணாடிக்குத்தான் என்னைக் கேட்டிருக்கிறான்.